அருமண் உலோகங்களும் கால்நடைகளின் உள்ளுறுப்புகளும்

சென்ற ஆடி மாதத்தில் உழவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைத் தணிக்கை செய்யச் சென்றிருந்தோம். சரக்கிருப்பைச் சரிபார்த்துக்கொண்டிருக்கையில், எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத புட்டியொன்று அலமாரியில் இருக்கக் கண்டு அதைப்பற்றி விசாரித்தோம். பயிர் ஊட்டப் பொருள்களை விற்கும் பிரதிநிதி ஒருவர் மாதிரிக்கென்று விட்டுச் சென்றது என்றும், மொத்தமாக எடுத்தால் சங்கத்திற்குத் தாராளமாகக் கழிவு தருவதாக அவர் சொல்லியிருக்கிறார் என்றும் காரியதரிசி தெரிவித்தார். ஒட்டுச்சீட்டில் "அருமண் சத்துக்கள் அடங்கியது, இலைவழித் தெளிப்புக்கு உகந்தது" என்று அச்சிட்டிருந்தது. எந்தச் சத்து, எவ்வளவு, எந்த உப்பாக என்பன பற்றி ஒரு வரியும் இல்லை.

அன்று பிற்பகல் நிர்வாகக் குழு கூடியபோது இப்பொருளை வாங்குவது பற்றிய பேச்சு எழுந்தது. மகசூல் பெருகும் என்றார் ஒருவர். விலை அதிகம் என்றார் மற்றொருவர். குழுவில் அங்கம் வகிக்கும் மூதாட்டி ஒருவர், ஆடு வளர்த்தே குடும்பத்தைக் கரையேற்றியவர், அதுவரை பேசாதிருந்துவிட்டு நம்மைப் பார்த்து, "ஏனுங்க ஐயா, இதைத் தெளிச்ச காட்டுல நம்ம வெள்ளாடு வாய் வெச்சா அதோட ஈரல் குடல் என்னத்துக்கு ஆகுமுங்க?" என்று கேட்டார். அவ்வினாவிற்கு நம்மிடம் விடை இருக்கவில்லை. படித்துப் பார்த்து எழுதுகிறோம் என்று வாக்களித்துவிட்டு வந்தோம். அவ்வாக்கை நிறைவேற்றுவதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

அருமண் உலோகங்கள் என்று ரசாயன நூலார் கூறுவது 17 தனிமங்களை. லாந்தனம், சீரியம், நியோடிமியம், கடோலினியம், இட்ரியம் முதலிய பெயர்கள் அவற்றிற்கு வழங்குகின்றன. பெயரில் அருமை இருப்பினும் இவை யாவும் அரியன அல்ல. பூமியின் மேலோட்டில் சீரியம் ஏறக்குறையச் செம்பின் அளவுக்கு இருக்கிறது. ஓரிடத்தில் செறிந்து கிடைப்பதும், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுப்பதுமே அரிது. இன்று மின்சார வண்டிகளின் காந்தங்களிலிருந்து கைப்பேசியின் ஒலிபெருக்கி வரையில் இவை இல்லாத இடம் சிலவே.

நம் அங்கத்தினர்களுக்கு இவை முற்றிலும் அந்நியமானவையும் அல்ல. ஒரு காலத்தில் கல்யாண ஊர்வலத்திலும் கோயில் திருவிழாவிலும், அவசர வேலையாக இரவில் ஓடிய தறிக்கூடத்திலும், பெட்ரோமாக்ஸ் விளக்கு எரிந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்விளக்கில் வெண்ணொளி தந்தது 'மேண்டில்' என்னும் சிறு வலைப்பை. அது நூல் தொழிலின் பிள்ளையே. பருத்தி நூலாலோ, ராமி நாராலோ, பின்னாளில் செயற்கைப் பட்டாலோ குழல் வடிவில் பின்னி, தோரியம் நைட்ரேட்டும் சீரியம் நைட்ரேட்டும் கரைத்த நீரில் தோய்த்து உலர்த்துவார்கள். முதன்முறை கொளுத்தியவுடன் நூல் எரிந்து போய்விடும். நூல் ஓடிய வடிவிலேயே உலோகச் சாம்பல் எலும்புக்கூடுபோல் நிற்கும். அச்சாம்பலில் நூற்றுக்கு 99 பங்கு தோரியம் ஆக்ஸைடு. ஒரு பங்கு சீரியம் ஆக்ஸைடு. ஆஸ்திரிய நாட்டு ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் என்பவர் 1891-ல் இவ்விகிதத்தைக் கண்டுபிடித்தார். சிகரெட் பற்றவைக்கும் லைட்டரின் தீக்கல்லும் அவர் கைவண்ணமே. அதிலும் சீரியம் இருக்கிறது.

மேண்டிலுக்கு வேண்டிய தோரியமும் சீரியமும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், கதை நம் கடற்கரைக்கே வந்து சேர்கிறது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயனி, தென் திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவிற்கு ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்தார். தேங்காய் நாரைக் கடலோரத்தில் ஊறவைத்து, கடற்கரையிலேயே காயவைத்துத் திரித்த கயிறு அது. ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் தாதுவின் மஞ்சள் மணிகள் இருந்தன. மணல் வந்த வழியைத் தேடிக்கொண்டு அவர் மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். கயிறு திரித்த ஏழைத் தொழிலாளருக்குக் கூலியோடு வந்த அழுக்கு, அவருக்குச் செல்வமாயிற்று. 1950-ல் இந்திய அரசாங்கமும் திருவிதாங்கூர்–கொச்சி அரசாங்கமும் சேர்ந்து அருமண் நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தின. 1952-ல் ஆலுவாயில் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. நம் நாட்டு மோனசைட்டில் அருமண் உலோகங்களோடு, நூற்றுக்கு ஏறக்குறைய 9 பங்கு தோரியம் ஆக்ஸைடும் கலந்திருக்கிறது. இந்தச் சேர்மானத்தை அங்கத்தினர்கள் நினைவில் இருத்தவேண்டும். அருமண் உலோகங்கள் தனியே வருவதில்லை. யாரையேனும் துணைக்கு அழைத்துக்கொண்டே வருகின்றன.

கால்சியத்தின் வேடம்

ஷோம்பர்க் நம் கரையில் மணலை அள்ளிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1910-ல், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மைன்ஸ் என்ற உடலியல் அறிஞர் தவளையின் இருதயத்தைத் தனியே எடுத்து வைத்து, லாந்தனம், இட்ரியம், சீரியம் ஆகியவற்றின் உப்புக்கரைசல்களை அதில் செலுத்திப் பார்த்தார். மிகச் சிறு அளவிலேயே துடிப்புத் தளர்ந்தது. இதன் காரணம் பிற்காலத்தில் துலக்கமாயிற்று. இருதயத் தசை சுருங்கவும், நரம்பு செய்தி கொண்டு செல்லவும், கால்சியம் என்னும் சுண்ணச் சத்து உயிரணுக்களுக்குள் நுழைய வேண்டும். அதற்கென்று உயிரணுவின் உறையில் நுண்ணிய வாயில்கள் உண்டு. லாந்தனத்தின் அயனி, பருமனில் கால்சியத்தை மிகவும் ஒத்தது. ஆனால் மின்னேற்றம் கால்சியத்திற்கு 2, லாந்தனத்திற்கு 3. ஆகவே அது கால்சியத்தின் இடத்தில் போய் அதைவிட இறுகப் பற்றிக்கொள்கிறது. வாயிலில் நின்று வழியை அடைக்கிறதேயன்றி, கால்சியம் செய்யும் வேலையைச் செய்வதில்லை. வேறொருவர் பெயரில் கடன் மனுப் போட்டு, பணத்தையும் வாங்கிக்கொண்டு, தவணை கட்டாமலிருக்கும் ஆசாமியை நம் சங்கங்களில் நாம் பார்த்ததில்லையா? ஏறக்குறைய அதே வித்தைதான்.

இவ்வளவு கெட்ட குணமுடைய உலோகத்தை மனிதர்கள் மருந்தாக விழுங்கி வந்தார்கள் என்றால் நம்புவது கடினம். எனினும் உண்மை அதுவே. குளோரோஃபார்ம் மயக்க மருந்தைப் பிரசவத்தில் புகுத்திப் புகழ் பெற்ற எடின்பர்க் வைத்தியர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன், 1854-ல், கருவுற்ற பெண்களின் வாந்திக்குச் சீரியம் உப்பைச் சிபாரிசு செய்தார். சீரியம் ஆக்ஸலேட் பல பத்தாண்டுகள் மருந்துக்கடைகளில் விற்பனையாயிற்று. நம் காலத்திலும், சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் இரத்தத்தில் பாஸ்பரம் மிகாதபடி லாந்தனம் கார்பனேட் மாத்திரை கொடுக்கப்படுகிறது. 2004-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. மாத்திரையிலுள்ள லாந்தனத்தில் இரத்தத்தில் சேர்வது 1,00,000 பங்கில் 2 பங்கிற்கும் குறைவு. மற்றதெல்லாம் குடலில் பாஸ்பேட்டைப் பற்றிக் கரையாத உப்பாகி மலத்தோடு போய்விடுகிறது.

மூதாட்டியின் வெள்ளாட்டிற்கு மிக அருகில் வரும் செய்தி ஒன்றையும் இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறோம். ஆடுமாடுகளின் வயிற்றில் தீனி எத்தனை மணி நேரம் தங்குகிறது, எவ்வளவு ஜீரணமாகிறது என்று அறிய விரும்பும் கால்நடை ஆராய்ச்சியாளர்கள், தீனியின்மேல் அடையாளமாக ஏதேனும் ஒரு பொருளை ஏற்றிவிட்டு, அது சாணத்தில் எப்போது வெளிப்படுகிறது என்று பார்ப்பார்கள். அவ்வடையாளப் பொருள் தீனியை விட்டு விலகக்கூடாது. குடலில் உறிஞ்சப்படவும் கூடாது. இப்பணிக்கு 1960-களிலிருந்தே சீரியம், இட்டெர்பியம் முதலிய அருமண் உலோகங்களைத்தான் அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். கொடுத்தது ஏறக்குறைய முழுவதும் சாணத்தில் திரும்பக் கிடைக்கும் என்பதே இத்தேர்வுக்குக் காரணம். அசைபோடும் பிராணியின் குடல், வாய் வழியாக வந்த இவ்வுலோகங்களுக்குக் கதவைத் திறப்பதில்லை.

ஆனால் குட்டிகளின் நிலை வேறு. பால்குடி மறவாத எலிக்குஞ்சுகளுக்குச் சீரியம் கொடுத்துச் சோதித்தபோது, வளர்ந்த எலிகளைக் காட்டிலும் மிக அதிகமாக அது உடலில் தங்கியது. பெரும்பகுதி குடற்சுவரிலேயே ஒட்டிக்கொண்டு பால்குடிக் காலம் முழுவதும் கிடந்தது. இளங்குடலின் சுவர், பாலிலுள்ள பெரும் புரதத் துகள்களைக்கூட அப்படியே உள்வாங்கும் இயல்புடையது. அவ்வழியே இதுவும் புகுகிறது போலும்.

வாய்வழி அல்லாதபோது

வாய்வழி வந்தால் ஓரளவு சாதுவாக இருக்கும் இவ்வுலோகம், இரத்தத்தில் நேரே புகுந்தால் தன் உண்மை முகத்தைக் காட்டுகிறது. 1950-களில் அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் என்னுமிடத்தில் கைக்கர் என்பாரும் அவருடைய தோழர்களும் எலிகளின் இரத்தக் குழாயில் அருமண் உப்புகளை ஊசி மூலம் ஏற்றினார்கள். உடல் எடையில் கிலோவிற்குச் சில மில்லிகிராம் அளவுதான். இரண்டு மூன்று நாட்களுக்குள் எலிகளின் கல்லீரல் கொழுப்பேறி வெளுத்துப் பருத்துவிட்டது. இதில் விந்தையென்னவெனில், பெண் எலிகளே பெரும்பாலும் இவ்வாறு பாதிக்கப்பட்டன. ஆண் எலிகள் தப்பின. பிழைத்த எலிகளின் ஈரலில் சில நாட்களில் கொழுப்பு வடிந்து பழைய நிலை திரும்பியது. சீரியம், லாந்தனம் போன்ற இலேசான அருமண் உலோகங்களே இக்கேட்டைச் செய்தன. கனமானவை ஈரலை அதிகம் நாடாமல் எலும்பில் போய்த் தங்குவதை 1956-ல் பெர்க்லியில் நடந்த ஆராய்ச்சி காட்டியிருந்தது. எலும்பில் படிந்தது எளிதில் கிளம்புவதில்லை.

ஊசியால் ஏற்றுவது எலிகளோடு நின்றுவிடவில்லை. காந்தத்தால் உடலைப் படம் பிடிக்கும் முறை வந்தபின், படம் தெளிவாகத் தெரிவதற்காகக் கடோலினியம் சேர்ந்த மருந்தை 1988 முதல் நோயாளிகளின் இரத்தத்தில் செலுத்தி வருகிறார்கள். கடோலினியம் வெளியே வராதபடி வேறொரு மூலக்கூறு அதைக் கூண்டுபோல் அடைத்திருக்கும். நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்குக் கூண்டோடு வெளியேறிவிடும். 1997-ல் அமெரிக்காவில், சிறுநீரகம் செயலிழந்த சிலருடைய தோல் மரப்பட்டைபோல் இறுகி, மூட்டுகள் மடங்காமல் போகும் புது நோய் காணப்பட்டது. சிலருக்கு இருதயமும் நுரையீரலும்கூட நார்பாய்ந்தன. காரணம் தெரியாமல் 9 ஆண்டுகள் கழிந்தன. 2006-ல் ஆஸ்திரிய மருத்துவர் ஒருவர், அந்நோயாளிகள் எல்லோரும் கடோலினியம் ஏற்றிக்கொண்டவர்கள் என்பதைக் கவனித்து எழுதினார். சிறுநீரகம் வெளியேற்றாததால் மருந்து நாட்கணக்கில் உடலில் சுற்றித் திரிந்து, கூண்டு தளர்ந்து, உலோகம் வெளிப்பட்டுவிட்டது. அதன்பின் தளர்ந்த கூண்டுடைய மருந்துகளைக் குறைத்து, இறுகிய கூண்டுடையவற்றையே மருத்துவர்கள் விரும்பலாயினர், நோயும் அருகிப்போயிற்று. படம் எடுத்துக்கொள்ளச் செல்லும் அங்கத்தினர்கள், தங்களுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதை முன்னரே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

மூன்றாவது வழி மூச்சு. படக்கொட்டகைகளிலும் அச்சுக்கூடங்களிலும் ஒரு காலத்தில் கார்பன் குச்சிகளை மின்சாரத்தால் எரித்து ஒளி உண்டாக்கினார்கள். குச்சியின் நடுத்தண்டில் அருமண் உப்பு இருக்கும். அப்புகையைப் பல்லாண்டு சுவாசித்த தொழிலாளர் சிலருடைய நுரையீரலில் சீரியம் முதலிய உலோகத் துகள்கள் படிந்து, நார்த்திசு வளர்ந்திருந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். நுரையீரலுக்குள் சென்ற கரையாத தூசு குடலில் போல வெளியேறிவிடுவதில்லை, தங்கிவிடுகிறது. பருத்திப் பஞ்சின் தூசியை அறிந்த நம் நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புட்டி மருந்தைத் தெளிப்பானில் ஊற்றிக் காற்றெதிரே நின்று அடிப்பவர் ஆடு அல்ல, மனிதர் என்பதையும் கவனிக்க வேண்டும்.

திருவனந்தபுரத்து இருதயங்கள்

இத்துறையில் நம் நாட்டிற்கு மிக நெருங்கியதும், நம்மை மிகுதியும் சிந்திக்கச் செய்ததும், கேரளத்தில் நடந்த ஆராய்ச்சியே ஆகும். இருதயத்தின் உட்சுவரில் வெண்ணிற நார்த்திசு தடித்து வளர்ந்து, அறை விரிய இயலாமல் போகும் ஒரு நோய் உண்டு. விரியாத அறையில் இரத்தம் நிரம்புவதில்லை, உடலிலேயே தேங்குகிறது. கைகால் மெலிந்து, வயிறு மாத்திரம் நீர் கோத்துப் பானைபோல் பருத்த சிறுவர் சிறுமியரே பெரும்பாலும் இதற்கு இரையாயினர். 1948-ல் உகாண்டாவில் டேவிஸ் என்பவர் இதை விவரித்தார். பின்னர் கேரளத்தில் நூற்றுக்கணக்கானோரிடம் இது காணப்பட்டது. அனைவரும் ஏழைகள் என்று சொல்லிவிடலாம்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தின் முதல் இயக்குநரான டாக்டர் வலியத்தான், தடித்த உட்தோலை அறுவைச் சிகிச்சையால் உரித்தெடுத்து அநேகரைப் பிழைக்க வைத்தவர். நோய் கேரளத்துக் கரையோரத்தில் ஏன் இப்படிக் குடிகொண்டது என்ற கேள்வி அவரை விடவில்லை. அவரும் டாக்டர் கர்த்தா முதலியோரும், பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தாரின் உதவியோடு நோயாளிகளின் இருதயத் திசுவைப் பகுத்தாய்ந்தனர். அதில் சீரியம் கூடுதலாகவும் மெக்னீசியம் குறைவாகவும் இருந்தன. 1986-ல் இம்முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் முன்வைத்த கருத்து இது: கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, அதிலுள்ள சீரியம் கிழங்குகளில் ஏறுகிறது, கடும் மழையால் மெக்னீசியம் அரித்துச் செல்லப்பட்ட மண்ணில் விளைந்த உணவையே உண்டு, அரைவயிற்றோடு வளரும் குழந்தையின் உடலில் மெக்னீசியம் குறைகிறது, அந்நிலையில் சீரியத்தின் கை ஓங்குகிறது.

இக்கருத்தைச் சோதிக்க எலிகளைப் பயன்படுத்தினார்கள். 1996-ல் வெளியான சோதனைகளில், மெக்னீசியம் குறைந்த தீனியோடு சீரியமும் கொடுக்கப்பட்ட எலிகளின் இருதயத்தில் நார்த்திசு வளர்வது ஊக்கம் பெற்றதை அவர்கள் கண்டனர். மெக்னீசியக் குறைவு சீரியத்தை உடலில் அதிகம் தங்கவைப்பதாகவும் தோன்றியது. பசியுள்ள உடலும் நிறைந்த உடலும் ஒரே நஞ்சை ஒரே விதமாக ஏற்பதில்லை என்று நாம் இதிலிருந்து அறிகிறோம்.

மரச்சீனிக் கிழங்கு பயிரிடும் நம் கன்னியாகுமரி மாவட்டத்து அங்கத்தினர்களும், மரவள்ளி பயிரிடும் சேலம், நாமக்கல் அங்கத்தினர்களும் இதைப் படித்துக் கலங்க வேண்டியதில்லை. வலியத்தான் குழுவினரின் கருத்து ஒரு நல்ல ஊகமே தவிர, முற்றாக நிலைநாட்டப்பட்ட முடிவு அன்று. இந்நோய் ஆப்பிரிக்காவில் பல இடங்களில் உண்டு. மொசாம்பிக் நாட்டின் ஒரு கிராமப் பகுதியில் மக்களைச் சோதித்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம் இந்நோயின் அறிகுறி இருந்ததாக 2008-ல் அறிக்கை வந்தது. குடற்புழுவும் ஒட்டுண்ணிகளும் இரத்தத்தில் சில வெள்ளணுக்களை மிகுவிப்பதே காரணம் என்பாரும் உளர். ஒன்று மாத்திரம் உறுதி. கேரளத்தில் இந்நோய் கடந்த சில பத்தாண்டுகளில் பெரிதும் குறைந்துவிட்டது. கடற்கரை மணல் மாறவில்லை, கிழங்கும் மாறவில்லை. குழந்தைகளின் தட்டில் விழும் உணவு மாறியிருக்கிறது. நம்முடைய நோக்கில், இது அருமண்ணின் கதையைக் காட்டிலும் வறுமையின் கதையே.

இதே கடற்கரையில் நடந்த வேறொரு ஆராய்ச்சியையும் குறிப்பிடாமல் செல்ல மனமில்லை. 1960-களில் லண்டனிலிருந்து வந்த குரூனபெர்க் என்ற மரபியல் அறிஞர், மோனசைட் மணல்மேல் தலைமுறை தலைமுறையாக வளை தோண்டி வாழும் கருப்பெலிகளைப் பிடித்து, அவற்றின் எலும்பையும் பல்லையும் மணல் இல்லாத இடத்து எலிகளோடு ஒப்பிட்டார். தோரியத்தின் கதிரியக்கம் தீமை செய்திருக்கிறதா என்பதே அவருடைய கேள்வி. சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் அவருக்குத் தென்படவில்லை. 1966-ல் அறிக்கை வெளியாயிற்று. உள்ளுறுப்புகளை அவர் ஆராயவில்லையாதலால் நம் கேள்விக்கு இது நேர்விடையன்று. எனினும் மணல் என்றவுடன் அஞ்சுவோர்க்கு ஆறுதலளிக்கும்.

இனிப் புட்டிக்கு வருவோம். அருமண் உப்பைப் பயிருக்கு இடும் வழக்கம் சீனாவில் தோன்றியது. 1970-களில் அங்கே ஆராய்ச்சி தொடங்கி, 1980-களில் லாந்தனம், சீரியம் முதலியவற்றின் நைட்ரேட் கலவை உரமாகப் பரவலாக விற்பனைக்கு வந்தது. கோழிக்கும் பன்றிக்கும் தீனியில் கலந்து எடை கூட்டுவதும் அங்கே வழக்கமாயிற்று. பயன் உண்டு என்று சொல்லும் சோதனைகள் உள்ளன. இல்லையென்று சொல்பவையும் உள்ளன. பயிர் வாழ்வதற்கு இன்றியமையாத சத்துகளின் வரிசையில் அருமண் உலோகம் எதுவும் இல்லை. துத்தநாகம் குறைந்தால் நெல்லின் இலை துருப்பிடித்தாற்போல் ஆகும். போரான் குறைந்தால் தென்னையில் குருத்து விரியாது. லாந்தனம் குறைந்ததால் வாடிய பயிரை எவரும் கண்டதில்லை.

சீனாவைக் குறிப்பிட்ட இடத்தில் பாவ்தோ நகரத்துச் செம்மறிகளின் துன்பத்தையும் சொல்லவேண்டும். உள் மங்கோலியாவில் உள்ள அந்நகருக்கு அருகே பாயன் ஓபோ என்னும் மாபெரும் சுரங்கம் இருக்கிறது. இரும்பும் அருமண் உலோகங்களும் ஒரே பாறையில் கிடைக்கின்றன. ஆலைகளைச் சுற்றிய மேய்ச்சல் நிலத்தில் ஆடுகளின் பற்கள் கோணலாய் நீண்டு, புல்லைக் கடிக்க இயலாமல் அவை மெலிந்தன. கம்பளி கொடுத்த மந்தைகள் அழிந்த மேய்ப்பரின் நஷ்டத்தை நம் உறுப்பினர்கள் உணர்வார்கள். முதலில் பார்ப்பவர் அருமண்ணைத்தான் பழிப்பர். ஆனால் அப்பற்களைக் கெடுத்தது ஃப்ளோரைடு. அப்பாறையில் ஃப்ளோரின் மிகுதி. ஆலைப் புகையோடு வெளிவந்து புல்லில் படிந்தது. துணையாக வந்தவர் செய்த குற்றம்.

புட்டி விஷயத்திலும் நாம் முதலில் அஞ்சுவது துணைவரையே. அருமண் உப்பு நைட்ரேட்டாக இருக்குமாயின், செறிவான கரைசலை ஆடோ மாடோ குடித்துவிட்டால் ஆபத்து நைட்ரேட்டால் வரும். அசைபோடும் பிராணியின் முன்வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது இரத்தத்தில் கலந்ததும் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து காப்பிக்கொட்டை நிறமாகிவிடுகிறது. நிலத்தில் சிந்திய உரத்தை நக்கி மாடு சாவது நம் ஊர்களுக்குப் புதிதன்று. அடுத்த ஐயம், தாதுவிலிருந்து சரியாகச் சுத்தி செய்யப்படாமல் தோரியமோ ஈயமோ கலந்திருக்குமோ என்பது. ஒட்டுச்சீட்டில் ஒன்றும் எழுதாதவரிடம் இவ்வையம் எழுவது நியாயமே.

ஆகவே மூதாட்டிக்கு நாம் எழுதியனுப்பிய விடை பின்வருமாறு. அம்மா, தெளித்த காட்டில் உங்கள் வெள்ளாடு நாலு வாய் கடித்துவிட்டால் அருமண் உலோகத்தால் அதன் ஈரலும் குடலும் கெடும் என்று எண்ண ஆதாரம் இல்லை; சாணத்தோடு போய்விடும். தெளித்த சில நாட்களுக்குப் பால்குடிக் குட்டிகளை அங்கே விடாதீர்கள். புட்டியையும், தெளிப்பான் கழுவிய நீரையும் கால்நடை நெருங்காதபடி வைக்கச் சொல்லுங்கள். தெளிக்கும் பிள்ளை மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு காற்று போகும் திசையில் அடிக்கட்டும். ஆட்டிற்கு ஆகாது என்பதற்காக அன்றி, காசுக்கு ஆகுமா என்பதற்காகவே இப்பொருளை யோசிக்க வேண்டும்.

நிர்வாகக் குழுவினருக்கும் தனியே எழுதினோம். கழிவு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், அடங்கிய பொருள்கள், அவற்றின் அளவு, தயாரித்தவரின் பகுப்பாய்வுச் சான்று, எந்த ஆராய்ச்சிப் பண்ணையில் எந்தப் பயிரில் எத்தனைப் போகம் சோதிக்கப்பட்டது என்ற விவரம் ஆகியவற்றை எழுத்து மூலம் பெற வேண்டும் என்றும், அதுவரையில் கொள்முதல் தீர்மானத்தை ஒத்திவைக்க வேண்டும் என்றும் தெரிவித்தோம். குழு அவ்வாறே தீர்மானித்து, பிரதிநிதிக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. இரண்டு நினைவூட்டுகளுக்குப் பின்னும் பதில் வரவில்லை. இதற்கிடையில், மண் பரிசோதனையில் மெக்னீசியம் குறைந்திருப்பதாகத் தெரிந்த 11 உறுப்பினர்களுக்கு மெக்னீசியம் சல்பேட் வாங்கிக் கொடுக்கச் சங்கம் ஏற்பாடு செய்துள்ளது. அதன் மூட்டையில் என்ன இருக்கிறது என்பது மூட்டையின்மேலேயே எழுதியிருக்கிறது.